சின்னத் திருத்தம்

அன்று அலுவலகத்துக்கு விடுமுறை. மென்பொருளில் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனாலும் சாயங்காலம் அவள் கைப்பேசி ஒலித்தது: புதிய பதிப்பு வெளியானது.

மென்பொருளுக்குப் பதிப்பு எண் போட்டு ஊர் உலகுக்கு அனுப்புவது முன்பு ஒரு மனிதரின் வேலை. வரிவரியாகப் படித்த பிறகே அனுப்புவார் என்பதால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அதைத் தானாகச் செய்யும் நிரலை அவள் எழுதினாள். பெரிய மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும்; 'சின்னத் திருத்தம்' என்று குறித்தால் கேள்வி கிடையாது. சீக்கிரமே எல்லாரும் எல்லாவற்றையும் அப்படியே குறித்தார்கள். பூதக்கண்ணாடியை வேலையைவிட்டு அனுப்பியபோது, ஒப்புதல் தருபவர் பட்டியலில் இருந்த அந்த ஒரே பெயரை நீக்கியதையும் அவள் அப்படித்தான் குறித்தாள்.

"ஒரு ஆளைத் தூக்குறது சின்னத் திருத்தம்னு அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டியேம்மா," என்று சிரித்தார் அவர், பையை மாட்டிக்கொண்டே. "கெட்டிக்காரப் பிள்ளை. மறக்காது."

இப்போது சமையலறையில் கரண்டிகள் உரசின. சோப்பின் எலுமிச்சை வாசனை கூடம்வரை வந்தது. "லீவுலயும் போனா? பேசாம அதையே கட்டியிருக்கலாம் நீ," என்றான் கணவன் உள்ளிருந்து.

அவள் திரையைப் படித்தாள். 'சின்னத் திருத்தம்: ஒருவர் நீக்கம்.'

கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது.

"என்னங்க?"

குழாய் திறந்தபடி. பாதி கழுவிய தட்டில் நுரைக்குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்துகொண்டிருந்தன. பின்கதவு உள்தாழ்ப்பாள் போட்டபடி.

அறையில் மகள் ஏதோ முணுமுணுத்துப் பாடியபடி படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"பாப்பா, அப்பா எங்கடி?"

"யாரும்மா அது?" தலை நிமிரவில்லை. பாட்டு தொடர்ந்தது.

கணினியைத் திறந்தாள். பதிப்பைத் திரும்பப் பெற முயன்றாள். அவளே எழுதிவைத்த பதில் வந்தது: 'வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது.'

நிரலையே நிறுத்தப் பார்த்தாள்.

'இது பெரிய மாற்றம். ஒப்புதல் தேவை. ஒப்புதல் தருபவர் எவரும் இல்லை.'

பூதக்கண்ணாடியை அழைத்தாள். அப்படி ஓர் எண்ணே இல்லை என்றது ஒரு குரல்.

உள்ளே பாட்டு. அதைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டாள். பாடு. நிறுத்தாதே கண்ணு.

கைப்பேசி ஒலித்தது.

அவள் பார்க்கவில்லை. ஓடினாள்.

பாதி வரியில் பாட்டு அறுந்தது.

காலி நாற்காலி. மேசையில் மஞ்சள் பென்சில், இப்போதுதான் கைவிடப்பட்டதுபோல, மெல்ல உருண்டுகொண்டிருந்தது. விளிம்புக்கு. இன்னும் விளிம்புக்கு.

அவள் உள்ளங்கையில் இருந்த கைப்பேசியில் மறுபடியும் வெளிச்சம்.