மூச்சு விடாமல் ஒரு நிமிடம்

புதுக் குரல்காரர் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், கையில் வெந்நீர் பிளாஸ்க், கழுத்தைச் சுற்றி மஃப்ளர். படியிறங்கி ஸ்டுடியோவுக்குள் வந்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி இருக்கு சார்," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினெட்டு வருடமாக அந்தக் கிணற்றுக்கு நான்தான் தவளை. சவுண்ட் இன்ஜினியர் என்று மரியாதையாகவும் சொல்லலாம்.

"என் பொண்ணு இந்த கேமைத்தான் விளையாடுவா. இனிமே அந்த அண்ணன் நான்தான்னு இன்னும் அவகிட்ட சொல்லல," என்றார், ரகசியம் போல.

வேலை இதுதான். ஆளில்லாத ஓர் ஊரில் அண்ணனும் தங்கையும் வழி தேடி நடக்கிற வீடியோ கேம். அண்ணனுக்குக் குரல் கொடுத்தவரைப் பெரியவர் என்றுதான் எல்லோரும் அழைப்போம். அவர் தங்களிடம் நடந்துகொண்ட விதத்தை வேறொரு ஸ்டுடியோவில் இரண்டு பெண்கள் புகாராக எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி அவரை நிறுத்தி வைத்தது. அண்ணனின் ஆயிரத்து நூறு வசனங்களையும் புதுக் குரலில் எடுக்க வேண்டும். தங்கையின் வசனங்கள் அப்படியே இருக்கும்.

தங்கைக்குப் பேசிய பெண்ணைத் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தோம். மைக் முன்னால் நின்றதும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "அண்ணா, கேக்குதா?" என்பாள். நான் கட்டை விரலை உயர்த்திய பிறகுதான் வசனம் தொடங்கும். தொண்டைக்காக வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். அந்தக் கேமுக்குப் பிறகு அவள் இங்கே குரல் கொடுக்க வரவில்லை. போன மழைக்காலத்தில், தனியாக இருந்த வாடகை அறையில், காய்ச்சலில் இறந்துபோனாள். பக்கத்து அறைக்காரர்களுக்கே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்ததாம்.

எங்கள் தொழிலில் அமைதியையும் பதிவு செய்வோம். ஒவ்வோர் அறைக்கும் ஓர் அமைதி உண்டு. வசனங்களுக்கு நடுவே வெறுமையாக விட்டால் காதில் பள்ளம் விழும். அதனால் கடைசியில் ஏசியையும் நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பவர்கள் ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். இருமக்கூடாது, கால் மாற்றக்கூடாது, என்ன ஆனாலும் சத்தம் வரக்கூடாது. அந்த ஒரு நிமிடத்தை எடுத்து இடைவெளிகளில் நிரப்புவோம்.

அதே அறைதானே என்று, நாலு வருடத்துக்கு முன் எடுத்த அமைதியையே புதுக் குரலுக்கும் போட்டேன். சோம்பேறித்தனம், வேறென்ன.

முதல் பத்து வசனம் முடிந்ததும் போட்டுக் காட்டினேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

"சார், எனக்குப் பின்னாடி யாராவது நிக்கிறாங்களா?"

"நீங்களும் மைக்கும்தான்."

"இல்ல... நான் பேசாத இடத்துல எல்லாம் ஒரு மூச்சு கேக்குது. அடக்கி அடக்கி விடுற மூச்சு." குரலைத் தாழ்த்தினார். "புதினா வாசனை வேற வருது."

பழைய அமைதியைத் திரையில் திறந்தேன். இரண்டு டேக் இருந்தன.

எதற்கு இரண்டு என்று எனக்கு மறக்கவில்லை.

அன்று அவளும் பெரியவரும் உள்ளே நின்றிருந்தார்கள். நான் தலையைக் குனிந்து திரையில் ஓடும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாவது நொடியில் ஹெட்ஃபோனில் துணி உரசும் சத்தம் வந்தது. பிறகு அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். பயந்தவர்கள் இழுக்கும் மூச்சு. வருடக்கணக்கில் மூச்சுகளை வெட்டி ஒட்டுகிறவனுக்கு எது எந்த மூச்சு என்று தெரியாதா? தலையை நிமிர்த்தியிருந்தால் கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்திருக்கும். நிமிர்த்தவில்லை. எனக்கேன் வம்பு என்று இருந்துவிட்டேன்.

இருந்ததோடு விடவில்லை. பொத்தானை அழுத்தி, உள்ளே கேட்கும்படி, "சத்தம் வருது. இன்னொரு தடவ எடுக்கலாம்," என்றேன்.

இரண்டாவது டேக்கில் அவள் சத்தமே வரவிடவில்லை.

ஒரு வாரம் கழித்து என்னைத் தேடி வந்தாள். "அண்ணா, அன்னிக்கு உங்களுக்குக் கேட்டிருக்கும்ல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா."

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. அவளும் புகார் எழுதிக் கொடுத்தாளாம். சாட்சி இல்லை என்று மூடிவிட்டார்களாம். பிறகு அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

இப்போது விசாரணைக் குழுவின் கடிதம் என் டிராயரில் கிடந்தது. பெரியவர் எல்லாவற்றையும் மறுத்து, பார்த்தவர் யார், கேட்டவர் யார் என்று சவால் விட்டிருந்தார். அவளுடைய பழைய புகாரையும் மறுபடி எடுத்து, நான் ஏதாவது கேட்டேனா என்று குழு கேட்டிருந்தது. பதில் தர அந்தத் திங்கட்கிழமை மாலை ஐந்து மணிதான் கடைசி. நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் திரும்ப வந்து அதே மைக் முன்னால் நிற்பார். 'எதுவும் கேட்கவில்லை' என்று ஒரு வரி எழுதியும் வைத்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

பழைய அமைதியை அழித்தேன். ஏசியை நிறுத்தினேன். ஈரக் கம்பளத்தின் வாடை மெல்ல எழுந்தது.

"புதுசா எடுத்துடலாம் சார். ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க."

அவர் கண்ணை மூடி நின்றார்.

பத்து நொடி. கோடு தட்டையாக ஓடியது.

இருபதாவது நொடியில் கோடு துடித்தது.

துணி உரசியது.

இந்த முறை தலையை நிமிர்த்தினேன்.

உள்ளே அவர் மட்டும்தான். விரல்கூட அசையவில்லை. அவருக்கு இடப்பக்கம், தங்கச்சி வழக்கமாக நிற்கும் இடம் காலியாக இருந்தது. ஆனால் அதற்கு நேரே, அவள் முகத்து உயரத்தில், கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தது.

மறுபடியும் படிந்தது.

"அண்ணா, கேக்குதா?"

பொத்தானை எப்படி அழுத்தினேன் என்று தெரியவில்லை.

"கேக்குதும்மா. அன்னிக்கும் கேட்டுச்சு."

புதுக் குரல்காரர் கண்ணைத் திறந்து, "யார்கிட்ட சார் பேசுறீங்க?" என்றார். எழுதி வைத்திருந்த வரியைக் கிழித்துப் போட்டேன். நடந்ததை, பொத்தானை அழுத்தி நான் சொன்ன அந்த வாக்கியம் உட்பட, ஒரு பக்கத்துக்கு எழுதி நாலே முக்காலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அம்மாள் நின்றபடியே படித்தார். "நாலு வருஷமா என்ன சார் பண்ணிட்டிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார்.

பெரியவர் திரும்பி வரவில்லை. கேம் புதுக் குரலோடு மறுபடி வெளிவந்தது. முதல் காட்சியிலேயே தன் பெண் அடையாளம் கண்டுபிடித்துவிட்டாள் என்று புதுக் குரல்காரர் போன் செய்து சொன்னார். கண்ணாடியில் அப்புறம் ஆவி படியவில்லை. அவளும் 'கேக்குதா' என்று கேட்கவில்லை. ஒருவழியாகத் தீர்ந்தது என்று இருந்தேன். மழை விட்டும் தூவானம் விடவில்லை.

இப்போது வேறு ஸ்டுடியோ. மூன்றாவது மாடி, வெயில் வரும் ஜன்னல். வீட்டில் எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. சில நாள் வேலைக்கு வந்த பிறகுதான் என் குரலையே நான் கேட்கிறேன்.

போன வாரம் ஒரு மதியம் புது அறையின் அமைதியை எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹெட்ஃபோனை மாட்டினேன். இருபதாவது நொடியில் ஒரு குரல் வந்தது. அவளுடையது இல்லை. பெரியவருடையதும் இல்லை.

"சத்தம் வருது. இன்னொரு தடவ எடுக்கலாம்."

என் குரல். அன்று அவள் காதுக்குள் எப்படிக் கேட்டிருக்குமோ, அப்படி. அந்த ஆளின் குரலை ஆயிரத்து நூறு இடத்தில் மாற்றியாயிற்று. இதை எங்கே போய் மாற்றுவேன்?

மூக்கில் புதினா வாசனை ஏறியது.

பூட்டிய அறைக்குள், நான் சொன்னபடியே, யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.