பதினான்காம் எண்ணின் ரத்தம்

காலை 5.40. எழுந்தான். பல் துலக்கினான். தேநீரை நின்றபடியே குடித்தான். அலமாரியைத் துடைக்க இரண்டு பொருட்களைத் தூக்கி, துடைத்ததும் அதே இடத்தில் வைத்தான். ஒன்று தெர்மாமீட்டர். மற்றது, முழங்கால் வலிக்காக மனைவி மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வெள்ளை மாத்திரைப் பொட்டலம், பாதி தீர்ந்திருந்தது. அவள் இறந்து ஏழு வாரம். வீட்டில் எதையும் அவன் இடம் மாற்றவில்லை. 7.15க்குக் கதவைப் பூட்டினான்.

ஆய்வுக்கூடத்தில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எங்கே பிழை ஒளிந்திருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவானாம். அங்கே நடக்கும் வேலை இதுதான்: மனிதரின் ரத்தத்தில் கிருமி நச்சைக் கலப்பார்கள். வெள்ளை அணுக்கள் சீறி எழுந்து அழற்சிப் பொருளைக் கக்கும். மன உளைச்சலில் உடம்பு சுரக்கும் கார்டிசால் அந்தச் சீற்றத்தை எவ்வளவு அடக்குகிறது என்று அளப்பார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் இருபது பேர். ஊழியர்களின் வீட்டாரும் உண்டு, அவன் மனைவியும் உண்டு. யாருக்கு எந்த எண் என்பது நர்ஸின் பூட்டிய பெட்டிக்கு மட்டுமே தெரியும்.

8.05. நச்சு கலக்கும் பெண், எல்லோருக்கும் குருவி, வாசலிலேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணா, பன்னிரண்டு மணியோட என்னைக் கிளம்பச் சொல்லிட்டாங்க. பதினாலாம் நம்பர்ல நான் நச்சு கலக்க மறந்துட்டேனாம்."

"யார் சொன்னா?"

"நீங்கதான் எழுதியிருக்கீங்க."

உண்மைதான். ஒன்பது வாரத்துக்கு முன் பதினான்காம் எண்ணின் அணுக்கள் அசையவே இல்லை. 'நச்சு சேரவில்லை போலும். நீக்கவும்.' பச்சை மை. அந்தக் கூடத்தில் பச்சை மையில் எழுதுபவன் அவன் ஒருவன்தான்.

8.20. இயக்குநர் அம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்க எழுத்தை நம்பித்தான் நடவடிக்கை. இப்ப நீங்களே மாத்திப் பேசினா எப்படி?"

"மாத்தல மேடம். சரிபார்க்கிறேன். பன்னிரண்டு வரைக்கும் டைம் இருக்கே."

8.40. விசாரணை.

"அன்னைக்கு எதுல கலந்தே?"

"எட்டுவாய் பிப்பெட்ல. ஒரு அழுத்துக்குத் தட்டுல எட்டுப் பேரோட ரத்தக் குழியிலயும் நச்சு சேர்ந்தே இறங்கும்."

"பதிமூணும் பதினஞ்சும்?"

"நல்லாவே சீறியிருக்கு."

"ஒரு வாய் அடைச்சிருந்தா?"

"மூணு தட்டு வச்சேன். மூணுலயும் பதினாலுக்கு வேற வேற வாய். மூணு தடவையும் தேடி வந்து அடைக்க, என் ராசி அவ்வளவு பெரிசா அண்ணா?"

அவன் சிரித்திருக்க வேண்டிய இடம். உறைபெட்டியைத் திறந்து, பதினான்கின் மிச்ச ரத்தநீரை எடுத்தான்.

11.10. கார்டிசால் அளவு வந்தது. காலை எட்டு மணி ரத்தம். கார்டிசால் உச்சத்தில் இருக்க வேண்டிய நேரம். இதில் அது இல்லவே இல்லை என்று சொல்லலாம்.

குருவி எட்டிப் பார்த்தாள். "கார்டிசால்தானே போலீஸ். ஊர்ல போலீஸே இல்ல. ஆனா ஒரு சின்னக் கலவரம்கூட இல்லையே?"

"வெளியூர் போலீஸ் இறங்கியிருக்கு. ஸ்டீராய்டு மாத்திரை. அது வெளியிலேருந்து வந்துட்டா உடம்பு சொந்தமா சுரக்கிறதை நிறுத்திடும். அணுக்களும் வாயைத் திறக்காது."

"மருந்து சாப்பிடுறவங்களை நாம சேர்க்கிறதே இல்லையே. படிவத்துல பொய் சொல்லியிருக்காங்க." அவள் குரல் மாறியது. "அண்ணா, அந்த ஆளுக்கு உடனே சொல்லணும். உள்ள கிருமி பரவினாக்கூட அவங்களுக்குத் தெரியாது."

அவனுக்கு அலமாரியில் இருந்த பொட்டலம் நினைவுக்கு வந்திருந்தது.

11.40. இயக்குநர் முன்னிலையில் நர்ஸ் பெட்டியைத் திறந்தாள். பதினான்காம் படிவத்தைப் பார்த்தவள் அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

கையெழுத்து மனைவியுடையது. ரத்தம் கொடுத்த அன்று, பாடம் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு ஓடினாள். மற்றதையெல்லாம் அவன்தான் நிரப்பினான். 'மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா?' என்ற கேள்விக்கு எதிரே, 'இல்லை' என்ற கட்டத்தில், ஒரு பச்சைக் குறி. அவளிடம் கேட்காமலே போட்டது.

"குருவி மேல தப்பில்ல மேடம். நச்சு விழுந்திருக்கு, அளவும் சரி. படிவத்துல பொய் எழுதினது நான். ரத்தம் உண்மையைச் சொன்னப்ப அதைப் பிழைன்னு அடிச்சதும் நான்."

"அது யார்னு உங்களுக்குத் தெரியாதே."

"தெரியாது. யாரா இருந்தாலும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

குருவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வேலை தப்பியது.

அவன் பச்சை மையில் 'நீக்கவும்' என்று எழுதிய இரண்டாம் வாரம் மனைவிக்குக் குடல் வெடித்தது. இரண்டு நாளாகவே உள்ளே சீழ் பரவியிருந்ததாக மருத்துவமனையில் சொன்னார்கள். உடம்பு ஓர் எச்சரிக்கையும் தராதது ஏன் என்று அவர்களுக்கும் விளங்கவில்லை. மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அன்று காலை வயிறு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் சுருண்டு படுத்திருந்தாள். அவன் தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒரு கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அவனிடம் நீட்டினாள்.

"காய்ச்சல் இல்லைங்க, பாருங்க. நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும்."