நீர்மாலைக்கு வராத மருமகள்

“அம்மா, கோவப்பட மாட்டேன்னு சொல்லு. அப்பத்தான் காட்டுவேன்.”

பாண்டீஸ்வரிக்கு அந்த நேரத்தில் கோபப்படவும் நேரமில்லை. அடுப்பில் வடைச்சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கு மாமனாரின் திதி. அவர் போய் மூன்று வருடம். ஒன்பதரைக்குப் படையல் போட்டு முடித்தால்தான் பத்தரைக்கு வண்டியை எடுத்துப் பரவையிலிருந்து மதுரைக்குள் போய்ச் சேர முடியும். பதினொரு மணிக்கு டயாலிசிஸ் பிரிவில் ஆறு பேர் அவளுக்காகக் காத்திருப்பார்கள்.

“என்னத்தடி காட்டப் போற? வாழையிலையத் தொடச்சு வையின்னா போனையே நோண்டிக்கிட்டு இருக்க!”

சத்யப்ரியா போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

போனில் ஓடியது நேற்றுச் சாயங்காலம் கோயில் திருவிழாவில் நடந்த பட்டிமன்றம். ‘அர்ப்பணிப்பும் மனநிறைவும் அதிகம் உள்ளவர்கள் ஆசிரியர்களா, மற்ற தொழில் செய்பவர்களா?’ இதுதான் தலைப்பு. ஆசிரியர்கள் கட்சிக்குப் பாண்டீஸ்வரியின் புருஷன் செல்வக்குமார்தான் தலைவர். அரசு உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியர், நல்ல குரல், கணீரென்ற உச்சரிப்பு. மேடையில் பட்டு வேட்டியும் துண்டுமாக மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நடுவர் அவர்களே! எங்கப்பா செத்துப் பொணமாக் கெடக்காரு. பத்தாங்கிளாஸ் பிள்ளைகளுக்குப் பரிட்சை நேரம். கொள்ளி வச்ச மறுநாள் காலைல மொட்டைத் தலையோட போயி வகுப்புல நின்னேன்! ஏன்? நான் ஆசிரியன்!”

கைதட்டல். விசில்.

“அதே வீட்லதான் என் மனைவியும் இருக்காங்க. ஆஸ்பத்திரில டயாலிசிஸ் மெசினு பாக்குற வேலை. நீர்மாலைக்கு மூத்த மருமகளக் கூப்பிட்டா... ஆளக் காணோம்! எங்க போனாங்கன்னு தேடுனா, ட்யூட்டிக்குப் போயிட்டாங்களாம்! லீவு போட்டா சம்பளத்தப் பிடிச்சிருவாங்களாம்! நாங்க பாக்குறது தொண்டு நடுவர் அவர்களே... அவங்க பாக்குறது ட்யூட்டி!”

கூட்டம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! நடுவர் வேறு எடுத்துக்கொடுத்தார். “சார், இன்னிக்கு வீட்டுக்குப் போனா சோறு கெடைக்குமா?” அதற்கு இன்னொரு சிரிப்பு. பின்வரிசையில் பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பட்டிமன்றம் என்றால் பேசுகிறவன் வீட்டுப் பெண்டாட்டியை இழுக்காமல் கூட்டம் சிரிக்காது என்று எவன் கண்டுபிடித்தானோ, அவன் வீட்டில் இடி விழ!

“ஊரு குரூப் அம்புட்டுலயும் போட்ருக்காங்கம்மா. என் காலேஜ் குரூப்லயும் வந்திருச்சு...” என்றாள் மகள். அழுதுவிட்டாள்.

பாண்டீஸ்வரி அழவில்லை. வடை கருகிக்கொண்டிருந்தது. கருகட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

மாமனார் இறந்த அன்றைக்கு நடந்தது அவளுக்குத் தெரியும், புருஷனுக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

மாமனார் விடியற்காலையில் போய்விட்டார். பத்து மணிக்குப் போன் வந்தது. அவளோடு வேலை பார்க்கும் அசோக்குமார் வண்டியில் விழுந்து கை முறிந்து கிடக்கிறான். மெஷின் போடத் தெரிந்த வேறு ஆள் வெளியூரில். சோணைமுத்து என்றொரு மனிதர், இரண்டு முறை டயாலிசிஸுக்கு வராமல் விட்டுவிட்டு, நுரையீரலெல்லாம் நீர் கோத்து, உட்கார்ந்தபடிக்கு மூச்சுக்குத் திணறுகிறார். வேறு இடங்களிலும் கேட்டாயிற்று, மெஷின் காலியில்லை. பிணம் கிடக்கும் வீட்டில் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் புருஷனைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள். அவர்தான் சொன்னார். “போ ஈஸ்வரி. அப்பா போயிட்டாரு. அந்த ஆளு இன்னும் இருக்காருல்ல? இங்க நான் பாத்துக்கிறேன். போ.”

அந்தச் சொல்லுக்காகவே அவரைக் கும்பிடலாம் என்று வழியெல்லாம் அழுதுகொண்டு போனாள்.

திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. மாமனாரைக் குளிப்பாட்டக் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவதுதான் நீர்மாலை. அதில் முதல் ஆளாகக் குடத்தோடு நடக்க வேண்டியவள் மூத்த மருமகள். அவள் இல்லை. வாய்க்கரிசி போட அவள் இல்லை. சின்ன மாமனார் விருமாண்டி நடுவாசலில் நின்று, “பொண்டாட்டிய அடக்கத் துப்பில்லாதவன்லாம் வாத்தியாரு!” என்று உறுமினார். நாத்தனார் அன்னக்கொடி மண்ணை வாரித் தூற்றினாள். செல்வக்குமார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான்தான் போகச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை! வரவில்லை. ‘சாவு வீட்ல சண்டை வேணாம், அப்புறம் சொல்லிக்கிறேன்’ என்றார். அந்த அப்புறம் மூன்று வருடமாக வரவில்லை. இவளும் வாயைத் திறக்கவில்லை. புருஷனை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாதாம்!

செல்வக்குமார் குளித்துவிட்டு விபூதியோடு வந்தார்.

“என்ன ஈஸ்வரி, கருகுன வாடை அடிக்குது?”

“வயிறு கருகுது. நீங்க பேசுனதக் கேட்டேன்.”

அவர் முகம் ஒரு கணம் செத்தது. உடனே சிரிக்கப் பார்த்தார். “அட, அதுவா! பட்டிமன்றம்னா அப்படித்தான் பேசணும். எதிர்க்கட்சிக்காரன் டாக்டரு, நர்ஸுன்னு உருக்கிட்டான். கூட்டம் அவன் பக்கம் சாஞ்சிருச்சு. சட்டுன்னு வாய்ல வந்திருச்சு. இதப் போயிப் பெருசா எடுத்துக்கிட்டு...”

“சட்டுன்னு வாய்ல வர்றதுக்குப் பொய்யி எத்தன நாளா உள்ள கெடந்துச்சு?”

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். விருமாண்டியும் அன்னக்கொடியும் வந்துவிட்டார்கள். அன்னக்கொடி உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தாள்.

“அண்ணே! பேசுன பாரு பேச்சு! எங்க ஊர்ல அம்புட்டுப் பேரும் பாத்துட்டாக. உள்ளத உள்ளபடி ஊருக்கு முன்னால போட்டு ஒடச்சிட்ட. என் நெஞ்சுல மூணு வருசமா இருந்த பாரம் எறங்குச்சுண்ணே!”

“வாத்தியாருன்னா வாத்தியாருதான்டா,” என்று விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். “அதுல இருக்குற மனநிறைவு வேற எதுல இருக்கு? மத்தவனுக்கெல்லாம் மணியடிச்சா வீடு.”

பாண்டீஸ்வரி அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

“மனநிறைவா மாமா? நான் சொல்றேன், கேளுங்க. இவர் நல்ல வாத்தியாரு. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பிள்ளைகள வச்சுக்கிட்டுப் பாடம் நடத்துறாரு. எத்தனையோ பிள்ளைக கரையேறிருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு பன்னெண்டு வருசமா தெனம் சுண்டல் அவிச்சுக் குடுத்தது யாரு? அது எந்த மேடையிலயாச்சும் வந்துச்சா? நானும் கேக்கல. தொண்டுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்.”

“இப்ப அதுக்கு என்ன...” என்றார் செல்வக்குமார்.

“நீங்க பேசி முடிச்சிட்டீங்க. இப்ப நான் பேசணும்! இவர்ட்டப் படிச்ச பிள்ளைக பத்து வருசம் கழிச்சு பேன்ட் சட்டை போட்டுக்கிட்டு வந்து கால்ல விழுவாங்க. சால்வை போத்துவாங்க. எங்கிட்ட வர்றவுக? ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து ஊசிக்குக் கைய நீட்டுவாங்க. மருமகளப் பத்திக் கொறை சொல்லுவாங்க, பேரன் மார்க்கச் சொல்லுவாங்க. நாலு மணி நேரம். அப்புறம் ஒரு நாள் வர மாட்டாங்க. அந்தக் கட்டிலுக்கு வேற ஆளு வந்திரும். எனக்கு எவன் மாமா சால்வை போத்துவான்? ஆனா மூச்சு எளைக்க வந்த மனுசன் தானா எந்திரிச்சு நடந்து போறப்ப, எனக்குள்ளயும் நெறையுதுல்ல? அது மனநிறைவு இல்லையா? மைக்குல சொன்னாத்தான் மனநிறைவா?”

“அம்புட்டு அக்கறை இருக்குறவங்க சொந்த மாமனார் சாவுல எதுக்கு மதினி ஓடுனீங்க?” அன்னக்கொடி பாய்ந்தாள். “எங்கப்பனுக்கு நீர்மாலைக்கு மருமக இல்லன்னு ஊரே காறித் துப்புச்சே! சம்பளம்தானே பெருசாப் போச்சு!”

“அன்னம்! அன்னிக்கி என்னையப் போகச் சொன்னது யாருன்னு ஒங்கண்ணன்ட்டக் கேளு!”

“எங்கண்ணன் போகச் சொல்லுச்சா? அப்பன் பொணம் கெடக்குறப்ப? ஏன் மதினி, ஒங்க வாய்க்கு ஒரு அளவே இல்லையா? எங்கண்ணன் அப்படிப்பட்ட ஆளு கெடையாது!”

கூடத்தில் எல்லாரும் செல்வக்குமாரைப் பார்த்தார்கள்.

எண்ணூறு பேர் முன்னால் குறிப்புச் சீட்டில்லாமல் பேசுகிற மனிதர். விபூதி நனைந்து புருவத்துக்கு வழிந்தது. உத்தரத்தைப் பார்த்தார். அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

“அது... அன்னிக்கிச் சூழ்நிலை...” என்று இழுத்தார்.

“சூழ்நிலையா!” பாண்டீஸ்வரி உள்ளே போய்க் கைப்பையையும் வண்டிச் சாவியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். குரல் இப்போது உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “சமையல் முடிஞ்சிருக்கு. படையலப் போட்டுக்கங்க. ட்யூட்டிதானே பாக்குறவ, நான் ட்யூட்டிக்கே போறேன். ஆனா ஒண்ணு. இந்தப் பேரோட இந்த வீட்டுப் படி இனி ஏற மாட்டேன். மக வேணும்னா எங்கம்மா வீட்ல வந்து என்னையப் பாத்துக்கட்டும்.”

“அப்பா!” சத்யப்ரியா அலறினாள். “வகுப்புல பிள்ளைக பொய் சொன்னா பெஞ்சு மேல ஏத்துவீங்கள்ல? சொல்லுங்கப்பா! வாயத் தொறங்கப்பா!”

பாண்டீஸ்வரி செருப்பை மாட்டிவிட்டாள். வண்டியை இறக்கிவிட்டாள். தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். செல்வக்குமார் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி வந்து வண்டியின் முன்னால் நின்றார்.

“நான்தான் போகச் சொன்னேன்!” தொண்டை கிழிந்தது. “சித்தப்பா... அன்னம்... நான்தான் சொன்னேன். ஒரு உசுரு மூச்சுக்குத் தவிக்குதுன்னு அவ வந்து நின்னா. அப்பா போயிட்டாரு, அந்த ஆளு இருக்காருன்னு நான்தான் அனுப்புனேன். நீங்கள்லாம் கத்துனப்ப... பொண்டாட்டிக்கு அடங்குனவன்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன். சம்பளம்னு அவ ஒரு நாளும் சொல்லல. அது நான் கைதட்டலுக்காகச் சேத்தது...”

முதலில் அசைந்தது அன்னக்கொடி. விறுவிறுவென்று வந்தாள், அண்ணன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

“அட பாவி! மூணு வருசம்! மூணு வருசமா ஒரு பாவமும் அறியாதவள என் வாயால வைய வச்சிருக்கியே! மண்ண வாரித் தூத்துனேனே! நல்லா இருக்க மாட்டன்னு சொன்னேனே... அம்புட்டையும் கேட்டுக்கிட்டு எரும மாடு மாதிரி நின்னுருக்க! நீயெல்லாம் பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லிக் குடுக்குற?” மார்பில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். விருமாண்டி விலக்கிவிட வந்தார். அவரையும் தள்ளிவிட்டாள். “நீங்க போங்க சித்தப்பா! ஒங்க உறுமலுக்குப் பயந்துதானே இது வாய மூடுச்சு!”

செல்வக்குமார் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு விம்மினார். “ஈஸ்வரி... மன்னிச்சிரு. வீட்டுக்குள்ள வா.”

பாண்டீஸ்வரி அவர் கையை எடுத்துவிட்டாள்.

“இங்க பத்துப் பேரு கேட்டாச்சு. அங்க எண்ணூறு பேரு சிரிச்சாங்க. அங்க என்ன சொல்லப் போறீங்க?” மணியைப் பார்த்தாள். “ஆறு பேரு உக்காந்திருக்காங்க. வழி விடுங்க.”

வண்டி போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஒருவர் பின் ஒருவராக ஆறு பேருக்கும் ஊசி குத்தி, மெஷினை ஓடவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தாள். கை ஒரு முறையும் தவறவில்லை. இரண்டு மணிவாக்கில் மூன்றாம் கட்டில் அம்மாள் பேரனின் போனைக் காட்டி, “இது ஒங்க வீட்டுக்காரரா தாயி?” என்று கேட்டார்.

அவள் கிளம்பிய பிறகு தெருவில் எடுத்த வீடியோ. சத்யப்ரியாதான் எடுத்திருக்க வேண்டும். மைக் இல்லை, பட்டு வேட்டி இல்லை. கசங்கிய சட்டையில் பித்தான் இரண்டு தெறித்திருந்தது. “நேத்து நான் மேடைல பேசுனது பொய்... தொண்டு எங்களுக்கு மட்டும்தான்னு சொன்னேன். நான் மொட்டைத் தலையோட வகுப்புக்குப் போனேன், அதுக்கு ஊரே என்னையப் பாராட்டுச்சு. என் மனைவி அன்னிக்கி ஒரு உசுரக் காப்பாத்தப் போனா. அந்த மனுசன் இன்னும் ரெண்டு வருசம் இருந்து மக கல்யாணத்தப் பாத்துட்டுத்தான் போனாரு. அவளுக்கு நான் ஊருல கெட்ட பேரு வாங்கிக் குடுத்தேன். பட்டிமன்றத்துல நான் தோத்துட்டேன்...” பேச்சாளர் திக்கித் திக்கி நின்றுவிட்டார். பாண்டீஸ்வரி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாளின் மெஷினில் விளக்கு எரிவதைப் போய்ப் பார்த்தாள்.

வேலை முடிந்து கைகழுவும்போது மகள் போன் பண்ணினாள். “அம்மா, நேரா வீட்டுக்கு வா. அம்மாச்சி வீட்டுக்குப் போயிராத. யாரும் இன்னும் சாப்பிடல.”

“ஏன்டி? படையல்...?”

“நீ வா.”

பரவைக்குள் வண்டி நுழையும்போது மணி ஆறு. கூடத்தில் மாமனார் படத்துக்கு முன்னால் இலை விரித்தபடி வெறுமையாகக் கிடந்தது. சோறு, குழம்பு, வடை எல்லாம் மூடியபடி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். விருமாண்டிக்குச் சர்க்கரை வேறு, முகம் வெளிறிப்போயிருந்தது.

“உச்சிக்கு முன்னால போடுறதுதான் வழக்கம்னு சொல்லிப் பாத்தேன்,” என்று அவர் முனகினார். “இந்தக் கழுத கேட்டாத்தானே!”

“அன்னிக்கி மருமக வர்ற வரைக்கும் யாரும் காத்திருக்கல,” என்றாள் அன்னக்கொடி. கண்ணெல்லாம் வீங்கிக் கிடந்தது. “இன்னிக்கி எங்கப்பன் காத்திருக்கட்டும். ஒரு நாள் பசியோட இருந்தா ஒண்ணும் கொறஞ்சிர மாட்டாரு. மதினி... நீங்க வந்து முதல் கரண்டி சோறு வைங்க. நீங்க வச்சாத்தான் நாங்க வைப்போம்.”

காலையிலிருந்து அழாதவள், மூன்று வருடமாக இந்தக் கூடத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், நடுவாசலில் நின்றுகொண்டு ஓவென்று அழுதாள். அன்னக்கொடி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் அழுதார்கள். சத்யப்ரியா நடுவில் புகுந்துகொண்டாள்.

செல்வக்குமார் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். கையை நீட்டப் போனார்.

“நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க!” என்றாள் பாண்டீஸ்வரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “ஒங்க மேல எனக்குக் கோவம் தீரல. சீக்கிரத்துல தீரவும் தீராது. இந்தா அன்னம், மாமாவுக்கு சர்க்கரை எறங்கிரும், முதல்ல வெல்லத் தண்ணி கரைச்சுக் குடு. நான் கை கால் கழுவிட்டு வாரேன், சோறு வைப்போம்.”