முகத்தின் மேல் பூசிய சிவப்பு

மருத்துவக் கல்லூரியின் பழைய கட்டடத்தில், தரைக்குக் கீழே இருக்கும் அறையில் எனக்கு வேலை. நூறு வருடத்துக்கு முன் ஒரு டாக்டர் தன் நோயாளிகளைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்து வைத்திருந்தார். அன்று பாடத்துக்கு எடுத்தவை, இன்று கலையாகிவிட்டன. கண்காட்சிக்காக அவற்றைத் துடைத்து அச்செடுக்க வேண்டும்.

பேச்சுத் துணைக்கு அங்கே ஈ காக்காய் கிடையாது. ஞாயிறு மதியம் தங்கை வீடியோவில் கூப்பிடுவாள். வாரத்தில் என் முகத்தை யாராவது நிதானமாகப் பார்த்தால் அதுதான்.

ஒருத்திக்கு மட்டும் பதின்மூன்று தகடுகள். பன்னிரண்டில் கோணிய முதுகு மட்டும். விளக்குப் பெட்டியின் மேல் வைத்தால் எலும்புக்கு எலும்பு அப்படி ஓர் அழகு. கடைசித் தகட்டில் நேராகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முகத்தின் மேல் சிவப்பு மை. ஆளை மறைக்க அந்தக் காலத்தில் அப்படிப் பூசுவார்கள். அச்சில் அந்த இடம் வெறும் வெள்ளையாக விழும். தொடக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஈரப் பஞ்சால் துடைத்தேன். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

மைக்கு அடியில் ஊசியால் கீறிய எழுத்து: 'முகத்தை எவருக்கும் காட்டேன் என்று இவளுக்கு வாக்களித்துள்ளேன்.'

அறையில் திடீரென்று மருந்து நெடி.

காதருகே மூச்சு.

"மூடிடு."

திரும்பினேன். யாருமில்லை. தகட்டில் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு மைப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு பொட்டு வைத்தால் போதும். எனக்குத்தான் மனசு வரவில்லை. என்னைப் பார்க்க ஒருத்தி கிடைத்தாளே என்ற அற்ப ஆசை.

மேலதிகாரியிடம் எழுத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"செத்து நூறு வருஷமாச்சும்மா, யாரு வந்து கேக்கப் போறாங்க? அந்த முகத்தையே பெருசாப் போடுங்க."

போட்டேன். சனிக்கிழமை கண்காட்சி தொடங்கியது. அவள் முகத்தின் முன்னால் கூட்டம் அலைமோதியது. என்ன கண்கள், என்ன வெளிச்சம் என்றார்கள். கூனிக் குறுகிப்போய் வெளியே வந்தேன். எட்டு வருடமாகப் பார்க்கும் வாசல் காவலாளி, "யாரும்மா நீங்க?" என்றார். அடையாள அட்டையை நீட்டினேன். அதில் தலைமுடி இருந்தது, கழுத்து இருந்தது. நடுவில் வெள்ளை.

மறுநாள் மதியம் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, உன் மூஞ்சியே தெரியலையே. வெறும் வெள்ளையா இருக்கு. கேமராவத் துடையேன்."

துடைத்தேன்.

"இன்னும் அப்படியேதான்க்கா இருக்கு."

கேமராவைத் துடைத்த பஞ்சைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அதே பஞ்சால் என் கன்னத்தைத் துடைத்தேன்.

சிவப்பாக வந்தது.