நாற்பத்திரண்டாம் பக்கம்

செவ்வாய்க் கோளின் பவளக்குடில் குடியிருப்பில் காலையில் எழுத்துகள் காணாமல் போவது வழக்கந்தான். ஓர் எழுத்துருவின் உரிமை கைமாறினால், அதில் எழுதிய அத்தனையையும் மக்களின் கண்ணுக்குள் பொருத்திய விழிவில்லை மறைத்துவிடும். பல் துலக்கும்போது பற்பசையின் பெயர் மறைந்தால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

ஆனால் காற்றுப் பொறியாளர் யாழரசி அன்று பதறிப்போனாள். மூன்றாம் கதவில் இருந்த 'வெளியே காற்று இல்லை, திறக்காதீர்' என்ற பலகை வெறும் வெள்ளையாக இருந்தது. குடியிருப்பின் பொது எழுத்துருவை ஓர் ஊறுகாய் நிறுவனம் தன் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டிருந்தது.

கதவுக்குக் குறுக்கே இரண்டு நாற்காலிகளைப் போட்டுவிட்டு எழுத்துரு உரிமையகத்துக்கு ஓடினாள்.

"சார், யாராவது செத்துப்போயிடுவாங்க. அந்த ஒரு பலகைக்கு மட்டும் அனுமதி குடுங்க."

அதிகாரி ஜெபமணி மறுத்துத் தலையசைத்தார். "பார்த்ததும் நாக்குல எச்சில் ஊறணும்னு செஞ்ச எழுத்து மேடம் அது. அதுல போய்க் காத்து இல்லைன்னு எழுதினா பாரம்பரியம் என்னாகும்?"

"அப்போ கையாலயே எழுதிடறேன்."

எழுதச் சொல்லிப் பார்த்தார். "உங்க 'க' அவங்க 'க' மாதிரியே வளையுதே. வில்லை மறைச்சிடும்."

யாழரசியின் கண் கலங்கியதும் அவருக்கு மனம் இளகியது.

"ஒண்ணு செய்யலாம். நிபந்தனைப் பத்திரத்துக்கு மட்டும் எழுத்துருத் தடை இல்லை. கதவுல கை வச்சா பத்திரம் கண்ணு முன்னாடி வரும். நாப்பத்தொரு பக்கம் சட்டப்படி இருந்தாகணும். அடுத்த பக்கத்துல உங்க எச்சரிக்கை. ஒப்புக்கிட்டாத்தான் கதவு திறக்கும்."

வேறு வழியில்லாமல் சம்மதித்தாள். கதவில் பத்திரம் ஏறியதும் நாற்காலிகளை எடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள், பழைய பலகைகளைக் கழற்றிவிட்டார்களா என்று பார்க்க ஜெபமணியே வந்தார். வேலை முடிந்ததும் கழிவறை தேடினார். எல்லாக் கதவும் வெள்ளை. அவசரத்தில் ஒன்றில் கை வைத்தார். கண் முன் பத்திரம் விரிந்தது. இருமுறை இமைத்தார், ஒப்புதல் பதிவானது.

கதவு சீறித் திறந்தது. உள்ளிருந்த காற்று பீறிட்டு அவரை வெளியே இழுத்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த யாழரசி ஒரு கையால் அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து, மறுகையால் அவசரத் தாழை அறைந்தாள். கதவு மூடியது. இருவரும் தரையில் விழுந்து மூச்சு வாங்கினார்கள்.

"வெளியே காத்து இல்லைன்னு சொல்லக் கூடாதா மேடம்?" என்று இரைந்தார் ஜெபமணி.

"சொல்லியிருக்கே சார். இப்பத்தானே ஒப்புக்கிட்டீங்க!"

ஜெபமணி அவளை விநோதமாகப் பார்த்தார்.

"படிச்சுப் பார்த்துட்டு யாரு மேடம் ஒப்புக்குவாங்க?"