பூஜ்யம் போட்ட பிறகு வந்த வரிகள்

ருமேனியாவில், டான்யூப் கரையில், கலாட்ஸ் நகரில் எங்கள் பத்து மாடிக் கட்டடம். அதன் உச்சியில் துணி உலர்த்தும் அறை. மூன்றாம் மாடி ஆவ்ரெல் நிறுவிய கணினி அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வீட்டு இணையக் கம்பிகளும் அதில் வந்து சேரும். போன குளிர்காலத்தில் கூரையில் கம்பி கட்டப் போன ஆவ்ரெல் விழுந்து செத்தான். பிறகு சாவி என்னிடம் வந்தது. அறையில் ஈரத் துணி வாடை. அதோடு அவனுடைய சிகரெட் வாடை.

வேலை எளிது. கணினியில் ஓர் எண். ஒன்று என்றால், ஒரு கம்பியில் வருவதை மற்றொரு கம்பிக்குக் கடத்திவிடும். பூஜ்யம் என்றால் யார் பேச்சையும் கடத்தாது.

ஆவ்ரெலின் மனைவி ஒட்டிலியா மூன்றாம் மாடி. நான் ஏழாம் மாடி. தினமும் அந்தக் கம்பி வழியே அவளுக்கு எழுதுவேன். என்னோடு கடற்கரை நகரான கான்ஸ்டன்ட்ஸாவுக்கு வந்துவிடு என்று கேட்டிருந்தேன். பதிலுக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஞாயிறு மதியம் என்னைப் படிக்கட்டில் பார்த்தாள்.

“நேத்து நீ எழுதினதப் படிச்சு அழுக வந்துருச்சு டோரின். குடமிளகாய் சுடற வாசனைய பத்தி இவ்வளவு எழுத முடியுமா?”

நான் அப்படி எதுவும் எழுதவில்லை.

எவனோ என் பெயரில், என்னைவிட நன்றாக எழுதுகிறான். தன் மூக்கு அறுபட்டாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மேலே ஏறி, எண்ணைப் பூஜ்யமாக்கினேன்.

ஆறாம் மாடி பெட்ருட்சா உடனே கத்தினாள். “இணையம் போச்சு. ஆவ்ரெல் இருந்தவரைக்கும் இந்த லட்சணம் இல்லப்பா.”

அறையைப் பூட்டிவிட்டு மூன்றாம் மாடிக்கு இறங்கினேன். கதவு திறந்திருந்தது. ஒட்டிலியாவின் திரையில் வரிகள் வந்துகொண்டிருந்தன.

ஒன்றன்பின் ஒன்றாக.

பூஜ்யம் போட்ட கணினி பிறர் பேச்சைத்தான் கடத்தாது. தன் பேச்சைப் பேசும். ஆனால் அதில் உட்கார்ந்து எழுத மேலே யாரும் இல்லை.

“யாரு அது?”

அவள் திரும்பவில்லை. “முதல்ல நீன்னுதான் நெனச்சேன்,” என்றாள் மெல்ல. “நீ நிறுத்தினதும் நல்லதாப் போச்சு. இப்பதான் அவரு சொல்றது குறுக்க யாரும் இல்லாம வருது.”

மேலே ஓடிப்போய் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினேன். விசிறி நின்றது. கணினி அடங்கியது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தேன்.

வரிகள் நிற்கவில்லை.

“கான்ஸ்டன்ட்ஸாவுக்கு நான் வரல டோரின்,” என்றாள். திரையை என் கண்ணுக்குத் தெரியாமல் திருப்பிக்கொண்டாள். “கதவ சாத்திட்டுப் போ. நீ இங்க நிக்கறது அவருக்குப் பிடிக்கலையாம்.”