சரிசமமாக இரண்டு மீன்கள்

"உன் மீன் ஒரு ரவுடி!" என்று கத்தினாள் அக்கா.

"உன் மீன் ஒரு தொடைநடுங்கி!" என்று பதிலுக்குக் கத்தினான் தம்பி.

அக்காவுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் பட்டாசு. அவளுக்குத் தீக்குச்சிகூட வேண்டாம், தானாகவே வெடிப்பாள். ஆனால் இந்தத் தடவை அவள்மேல் தப்புச் சொல்ல முடியாது. கூடத்தில் இருக்கிற உப்புநீர்த் தொட்டியைப் பார்த்தால் உங்களுக்கே கோபம் வரும்.

உள்ளே இரண்டு கோமாளி மீன்கள். ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டைகள். தம்பியின் மீன் தொட்டி முழுவதும் தனக்கே பட்டா போட்டதுபோல் சுற்றியது. பட்டாசின் மீனோ மேல் மூலையில், குழாய்க்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தது. அதன் வால் நார்நாராகக் கிழிந்திருந்தது. பாவம், தீனிக்காகக் கொஞ்சம் கீழே வந்தால் போதும், மற்றது பாய்ந்து வந்து கடிக்கும்.

முதலில் இரண்டும்தான் சண்டை போட்டன. பிறகு ஒன்று மட்டும் அடித்தது, மற்றது அடி வாங்கியது.

இதற்கு யார் காரணம்? சொன்னால் சிரிப்பீர்கள். அந்த வீட்டில் எல்லாமே சரிசமம். கேக் வெட்டினால் அளவுகோல் வரும். பழச்சாறு ஊற்றினால் இருவரும் குனிந்து, இரண்டு தம்ளரையும் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். மீன் வாங்கப் போன அன்றும் இதே கதைதான்.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது எடுங்க. அதுதான் ஒத்துப்போகும்" என்றார் மீன்கடை மாமா.

"பெருசு யாருக்கு?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஒரே அளவுல குடுத்துடுங்க. வீட்டுல பஞ்சாயத்து பண்ண எனக்குத் தெம்பு இல்ல."

அந்தச் சரிசமம்தான் இப்போது வாலைக் கிழித்துக்கொண்டிருந்தது.

"உன் ரவுடியை வெளியே எடுக்கப் போறேன்!" பட்டாசு வலையை எடுத்தாள். தம்பி அதன் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். தொட்டித் தண்ணீர் சளேரென்று தரையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து அம்மா வேலை முடிந்து உள்ளே வந்தாள். அம்மா எலக்ட்ரீஷியன். கருவிப் பையோடு வழுக்கி, சுவரைப் பிடித்து நின்றாள்.

"போதும்! நாளைக்கு ரெண்டு மீனும் கடைக்குப் போகுது. இந்தத் தொட்டியில நான் துணி ஊற வெச்சுக்கறேன்!"

அம்மா கத்தினால் அதற்கு மேல் பேச்சில்லை. பட்டாசு அறைக்குப் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். தலையணையை இரண்டு உதை விட்டாள். கோபம் அடங்கவில்லை. நாளைக்குக் கடைக்குப் போவது இருக்கட்டும். அந்த மீன் நாளைவரை உயிரோடு இருக்குமா?

அவள் திரும்பி வந்தாள். தொட்டியோடு வந்த ஒரு துளைபோட்ட பிளாஸ்டிக் பெட்டி சும்மா கிடந்தது. அதைத் தொட்டிக்குள் மாட்டினாள். தம்பியின் மீனைப் பிடித்து அதற்குள் விட்டாள்.

"ஐயோ! என் மீனை ஜெயில்ல போட்டுட்டா!"

"அடிச்சா ஜெயில்தான்!"

கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்த மீன் மெதுவாக இறங்கியது. ஒரே ஒரு தீனியைக் கவ்வியது. பட்டாசு அம்மாவின் போனை எடுத்து மீன்கடை மாமாவை அழைத்தாள்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" அவருக்கும் கோபம். "ஒரே அளவு மீனுங்க நீயா நானான்னு அடிச்சுக்கும். பெட்டியைத் திறந்தா மறுபடியும் அதே கதைதான். அடிபட்டதைக் கொண்டு வா, பதிலுக்கு ஒரு பொடிசு தரேன். பொடிசுன்னா பெருசுக்கு அடங்கிப் போயிடும். அப்புறம் பெருசு பொண்ணா மாறி அம்மா ஆகும், பொடிசு அப்பா ஆகும். கோமாளி மீனுங்க அப்படித்தான்."

"அடிச்சது அவன் மீன்! என் மீன் ஏன் போகணும்?"

"அவன் மீனைக் கொண்டு வந்தாலும் சண்டை நிக்கும்மா. ஆனா உன் மீனுக்கு மருந்து வேணும். அதுக்குத் தனித் தொட்டி வேணும். உங்க வீட்டுல இருக்கா?"

இல்லை.

அடி வாங்கியதும் அவள் மீன், வீட்டை விட்டுப் போவதும் அவள் மீன். எந்த ஊர் நியாயம் இது? பட்டாசு அழுதாள். சோகத்தில் இல்லை, ஆத்திரத்தில் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனாள்.

"என் மீனை நானே கொண்டுபோய் விடறேன். தம்பி மீன் இங்கேயே இருக்கட்டும். ஆனா எனக்குக் கோபம்தான். வழியில யாரும் என்கிட்ட பேசக் கூடாது."

அம்மா தலையாட்டினாள். மறுநாள் வழியில் யாரும் பேசவில்லை.

கடையில் அவள் மிகச் சின்ன மீனைக் காட்டினாள். தம்பி திகைத்துப்போனான். "அக்கா, இது என்னோடதுல பாதிகூட இல்லையே!"

"எனக்குக் கண்ணு தெரியும். பையைப் பிடி."

தம்பி பையைப் பிடித்தான். பை குலுங்காமல் இருக்க, வீடு வரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பட்டாசு தொட்டிக்குள் கையை விட்டு, கற்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்கினாள்.

"ஏன்க்கா?"

"வெளியே வரும்போது ரவுடிக்கும் எது தன் இடம்னு தெரியக் கூடாது."

தொட்டித் தண்ணீரைப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பொடிசைப் பழக்கி விட்டார்கள். அது ஒரு நாள் முழுவதும் ஊர் சுற்றிப் பார்த்தது. மறுநாள் பட்டாசு பெட்டியைத் திறந்தாள்.

பெரிய மீன் சீறிப் பாய்ந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பட்டாசு வலையோடு நின்றாள்.

பொடிசு ஓடவில்லை. ஒருபக்கமாகச் சாய்ந்து, 'நீதான் பெருசு, நான் அடங்கிட்டேன்' என்பதுபோல் தலைமுதல் வால்வரை படபடவென்று நடுங்கியது. பெரிய மீன் சட்டென்று நின்றது. அதை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு தன் பாட்டுக்குக் கற்களுக்குள் போனது. பொடிசும் அதன் பின்னாலேயே போனது.

"அடிக்கல! அக்கா, அடிக்கவே இல்ல!" தம்பி குதித்தான். "நீ அதை அனுப்பினதாலதான். நானா இருந்தா அனுப்பியிருக்க மாட்டேன்."

பட்டாசு குழாய்க்குப் பின்னாலிருந்த காலி மூலையைப் பார்த்தாள். கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

சில வாரம் கழித்துக் கடைக்குப் போன் போட்டாள். "மாமா, என் மீன் எப்படி இருக்கு?"

"அதை ஏன் கேக்கற! வால் வளர்ந்துடுச்சு. வயிறு முட்டச் சாப்பிடுது. துணைக்கு ஒரு பொடிசை விட்டேன். இப்ப அதை ஒரு அதட்டு அதட்டிட்டு, தொட்டிக்கே மகாராணி மாதிரி சுத்துது."

"அதட்டுதா? என் மீனா?"

"உன் மீன்தான்."

"அப்படிப் போடு!" என்று பட்டாசு கத்திய கத்தலில், தொட்டியிலிருந்த இரண்டு மீன்களும் கற்களுக்குள் ஓடி ஒளிந்தன.